பிராக் ஊருக்கு முழு மார்க், கூட்டிப்போன டூருக்குப் பாதி

செக் நாட்டின் தலைநகரமான பிராகுக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நம் பக்கத்து ட்ராவல்ஸ்காரர்கள் விற்கிற 'மத்திய ஐரோப்பா' பேக்கேஜில் புடாபெஸ்ட், வியன்னாவுக்கு வாலாக அரை நாள் ஒட்டி வைத்திருக்கிறார்களே, அந்தப் பிராகை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். திருநெல்வேலியில் ஆள் சேர்த்துக் கிளம்பிய ஒரு குழுவோடு நானும் வீட்டுக்காரியும் போனோம். குழு பிராகிலிருந்து விமானம் ஏறியபோது நாங்கள் மட்டும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டு அங்கேயே தங்கி, டிராமிலும் காலிலுமாகச் சுற்றினோம். ட்ராவல்ஸ் பெயரைக் கேட்காதீர்கள், எழுதப்போவதில்லை. ஒரு கம்பெனியை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, நெல்லை வண்ணாரப்பேட்டையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் எந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்தாலும் இதே அரை நாள்தான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விசா வேலையில் அவர்களை அடித்துக்கொள்ள முடியாது. பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு என்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் அவர்களே அடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்தது மட்டும்தான் எங்கள் வேலை. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, கிடைக்காவிட்டால் திரும்ப வராது, அதையும் முதலிலேயே சொன்னார்கள். திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடாவில் மாறிப் போனது மெட்ராஸுக்கு அலைவதைவிட எவ்வளவோ தேவலை. கூட வந்த டூர் மேனேஜர் தம்பி தங்கமான பையன். புளியோதரைப் பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று ஒரு பெட்டியே தனியாகக் கொண்டுவந்திருந்தான். அம்பாசமுத்திரத்துப் பெரியம்மா ஒருவருக்கு பஸ்ஸில் வாந்தி வந்தபோது சொந்த மகன் மாதிரி பார்த்துக்கொண்டான். அந்தப் பையனுக்கு முழு மார்க், அவனுக்குப் போட்டுக்கொடுத்த நேர அட்டவணைக்குத்தான் இல்லை.

அந்த அட்டவணையில் பிராக் எப்படி இருந்தது தெரியுமா? காலையில் வியன்னாவிலிருந்து கிளம்பி, மத்தியானம் ஊருக்கு வெளியே ஒரு ஓட்டலில் பனீர் பட்டர் மசாலா சாப்பிட்டு, அதற்கப்புறம் 'சிட்டி டூர்'. பழைய நகரத்துக்குள் பெரிய பஸ் போகாது என்பதால் ஆற்றோரம் எங்கேயோ இறக்கிவிட்டு, குடையைத் தூக்கிப் பிடித்த உள்ளூர் வழிகாட்டியின் பின்னால் ஓடச் சொன்னார்கள். அந்தம்மா நன்றாகத்தான் பேசினார், ஆனால் காதில் மாட்டிய கருவி பாதிப் பேருக்கு வேலை செய்யவில்லை. சதுக்கம், கடிகாரம், பாலம், பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கோட்டையை அண்ணாந்து பார்த்து ஒரு போட்டோ, அப்புறம் பரிசுப்பொருள் கடைகள் இருக்கிற தெருவில் 'ஃப்ரீ டைம்'. அந்தக் கடைத் தெருவுக்குக் கொடுத்த நேரம் பாலத்துக்குக் கொடுத்ததைவிட அதிகம். கோட்டைக்குள் போகவே இல்லை, நோட்டீஸில் மட்டும் 'பிராக் கோட்டை காட்சி' என்று போட்டிருந்தது. காட்சிதான், தூரத்திலிருந்து!

கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நகரச் சதுக்கத்தில் நகரமன்றக் கோபுரத்தின் சுவரில் இருக்கிற ஓர்லோய், 1410இல் வைத்தது, உலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வானியல் கடிகாரங்களில் இதுதான் பழையது. ஒவ்வொரு மணிக்கும் மேலே இரண்டு சின்ன ஜன்னல் திறந்து இயேசுவின் சீடர்கள் வரிசையாக முகம் காட்டிப் போவார்கள், பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கும், கடைசியில் சேவல் கூவும். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைப் பார்க்கக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றோம், ஜேப்படிக்காரர்களுக்கு அந்த இடம் அறுவடைக் களம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். முடிந்ததும் எங்களோடு வந்த வீரவநல்லூர் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "என்னவே, இதுக்கா இம்புட்டு நேரம் நின்னோம்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, வழிகாட்டி சொன்னது அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கடிகாரத்தில் பார்க்க வேண்டியது பொம்மை இல்லை, முகப்பு. குழு போன பிறகு ஒரு நாள் கூட்டமில்லாத நேரத்தில் அதன் முன்னால் நிதானமாக நின்றோம். பன்னிரண்டு ராசியும் போட்ட ஒரு வளையம் சுற்றுகிறது, சூரியன் இப்போது எந்த ராசியில் நிற்கிறது என்று அதில் தெரியும். பாதி கறுப்பும் பாதி வெள்ளியுமாக ஒரு சின்ன உருண்டை வளர்பிறை தேய்பிறையைக் காட்டுகிறது. வெளி வளையத்தில் பழைய எழுத்தில் 24 எண்கள், அவை நள்ளிரவிலிருந்து எண்ணுவது இல்லை, சூரியன் மறைவதிலிருந்து எண்ணுவது. உள்ளே வளைந்து வளைந்து தங்க நிறக் கோடுகள் போகின்றன, அவைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலைப் பன்னிரண்டாகப் பிரித்துக் காட்டுகிற கோடுகள் அவை. உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்துப் பகலைப் பங்கு போட்டு ராகுகாலமும் ஓரையும் கணக்கிடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், பார்த்த உடனே புரியும். ஒரே வித்தியாசம், நம் ஊரில் வருடம் முழுவதும் பகல் பொழுது ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் கூடிக் குறையும், அங்கே ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் 8 மணி நேரம்தான். அதனால் அந்தக் கணக்குப்படி ஒரு 'மணி' கோடையில் 80 நிமிடம், குளிரில் 40 நிமிடம். இந்த ஒரு விஷயத்தைத் தமிழில் இரண்டு வரியாகச் சொல்லியிருந்தால் எங்கள் குழுவில் பாதிப்பேர் அங்கேயே உட்கார்ந்து பஞ்சாங்கம் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

சார்லஸ் பாலமும் அப்படித்தான். மத்தியானம் அதன்மேல் நடப்பது என்பது நடப்பதே இல்லை, கூட்டம் தள்ளிக்கொண்டு போய் அந்தக் கரையில் விட்டுவிடும். விடியற்காலையில் போங்கள், வேறு பாலம் அது. 516 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் 30 சிலைகள், கீழே வில்டவா ஆறு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் யாரும் இடிக்க மாட்டார்கள். 1342இல் வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போன பிறகு, நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் இதற்குக் கல் வைத்தார். நல்ல நேரம் பார்த்து, 1357ஆம் ஆண்டு 9ஆம் தேதி 7ஆம் மாதம் காலை 5 மணி 31 நிமிடத்துக்கு வைத்தார் என்று ஒரு கதை உண்டு, அந்த எண்களை வரிசையாக எழுதினால் 135797531, முன்னாலும் பின்னாலும் ஒன்றேதான். கதையாகவே இருக்கட்டும், கேட்க நன்றாக இருக்கிறது. 1841 வரைக்கும் ஊருக்கு ஆற்றைக் கடக்க இது ஒன்றுதான் வழி. என் வீட்டுக்காரி கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம சுலோச்சன முதலியார் பாலத்துக்கு இவங்க பாலம் பெரியப்பா முறை வேணும்" என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், இந்தப் பக்கம் ஒரு ஊர், நடுவில் வளைவு வளைவாகக் கல் பாலம், நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தினமும் போய்வருகிறவர்களுக்கு அது தோன்றாமல் இருக்காது. நம்முடையது 1843இல் திறந்தது, ஒரு மனிதர் கைக்காசைப் போட்டுக் கட்டியது. அதன்மேல் இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. சார்லஸ் பாலத்தில் ஒரு காலத்தில் குதிரை இழுத்த டிராம்கூட ஓடியது, இப்போது நடக்க மட்டும்தான். சிலைகளில் பெரும்பாலானவை நகல், அசலை மியூசியத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். புனித நெபோமுக் சிலையின் அடியில் வெண்கலப் பலகையைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் தொட்டுத் தொட்டு அந்த ஒரு இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

கோட்டைக்கு 22ஆம் நம்பர் டிராம் பிடியுங்கள். கீழேயிருந்து படியேறிப் போகலாம்தான், ஆனால் டிராம் மேலே கோட்டை நிறுத்தத்திலேயே இறக்கிவிடும், முழங்காலுக்குப் புண்ணியம். பையைச் சோதனை போட்டாலும் போடுவார்கள், காலையில் சீக்கிரம் போனால் வரிசை இருக்காது. முற்றங்களில் நடக்கக் காசு கிடையாது. உள்ளே போவதற்கான டிக்கெட் மறுநாளும் செல்லும் என்பதால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்து மூச்சு வாங்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் வளாகம், இன்றைக்கும் குடியரசுத் தலைவர் அலுவலகம் அங்கேதான். நடுவில் நிற்கிற புனித வீட்டஸ் பேராலயத்தை 1344இல் ஆரம்பித்து 1929இல் முடித்தார்கள், ஏறத்தாழ 600 வருடம். பழைய அரண்மனையில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதைத் தவற விடாதீர்கள். 1618இல் மதச் சண்டையில் மன்னரின் ஆட்கள் இரண்டு பேரையும் அவர்களுடைய எழுத்தரையும் அந்த ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிந்துவிட்டார்கள். மூன்று பேருமே பிழைத்துக்கொண்டார்கள்! தேவதூதர்கள் தாங்கிப் பிடித்தார்கள் என்று கத்தோலிக்கர்கள் சொன்னார்கள், குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னது. அவர்கள் பிழைத்தாலும் அதிலிருந்து கிளம்பிய போர் 30 வருடம் ஐரோப்பாவை எரித்தது. அந்த ஜன்னலில் நின்று கீழே எட்டிப்பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

யூதர் குடியிருப்பைப் பற்றிச் சொல்லும்போது மறுபடியும் ட்ராவல்ஸ்காரர்களைத் திட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் குழு அங்கே போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அந்த மியூசியமும் ஜெபக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும். எல்லா வாரமும் மூடித்தான் இருக்கும், இது ஒன்றும் ரகசியமில்லை, அட்டவணை போடுகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம். பூட்டிய கேட்டின் முன்னால் நிறுத்தி இதுதான் என்று காட்டிவிட்டு நகர்ந்தார்கள். பிறகு நாங்கள் தனியாகப் போனோம். பின்காஸ் ஜெபக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற, செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியா, மொராவியா யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக. பக்கத்துக் கல்லறையில் இடமில்லாததால் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்து, கற்கள் ஒன்றோடு ஒன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நாங்களும் பேசவில்லை.

சரி, போக்குவரத்து. இந்த ஊருக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பாதி இதற்குத்தான். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட், தூரத்துக்கு இல்லை, நேரத்துக்கு: 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி. 72 மணி டிக்கெட்டை வாங்கி முதல் தடவை மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொண்டால் போதும், அப்புறம் பைக்குள்ளேயே கிடக்கட்டும். மெட்ரோவில் தடுப்புக் கதவே கிடையாது, யாரும் நிறுத்த மாட்டார்கள். அதை நம்பி முத்திரை குத்தாமல் ஏறினால் சாதாரண உடையில் வருகிற பரிசோதகர் அடையாள வில்லையைக் காட்டி அபராதம் போட்டுவிடுவார், சுற்றுலாப் பயணி என்றெல்லாம் இரக்கம் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசம், வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து 59ஆம் நம்பர் ட்ராலிபஸ்ஸில் வெலெஸ்லவீன் வந்து பச்சை நிற ஏ மெட்ரோ ஏறினால் ஊர் நடுவுக்கே வந்துவிடலாம், டாக்சி தேவையே இல்லை. ஒன்று மட்டும், எஸ்கலேட்டர்கள் நாம் பழகிய வேகத்தைவிட வேகம், நீளமும் அதிகம். நாமெஸ்தி மீரு நிலையம் தரைக்கு 53 மீட்டர் கீழே இருக்கிறது, எஸ்கலேட்டர் 87 மீட்டர். சேலை கட்டியவர்கள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், என் வீட்டுக்காரி மறுநாளே சுடிதாருக்கு மாறிவிட்டாள்.

சாப்பாடு சைவத்துக்குச் சுமார்தான், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இந்திய ஓட்டல்கள் நிறைய, ஆனால் குழுவோடு போனபோது எல்லா ஊரிலும் எல்லா வேளையும் அதே பனீர், அதே ஜீரா சாதம், அதே குலாப்ஜாமூன். பிராகுக்கு வந்து பனீர் தின்பதற்கா இவ்வளவு காசு என்று சைவப் பிள்ளைமார் வீட்டு ஆச்சி ஒருவரே கேட்டுவிட்டார். தனியாக இருந்தபோது வறுத்த சீஸ் சாப்பிட்டோம், 'ஸ்மாஜெனி சீர்' என்று மெனுவில் இருக்கும், ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்து உருளைக்கிழங்கோடு தருவார்கள், வயிறு நிறையும், கூட வரும் வெள்ளைச் சட்னி மாதிரியான சாஸில் முட்டை இருக்கும். உருளைக்கிழங்கு சூப் அருமை, ஆனால் மாட்டு எலும்புச் சாறில் செய்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை, மாட்டு இறைச்சி சேர்க்காதவர்கள் மட்டும் விசாரித்துச் சாப்பிட வேண்டும். தெருவுக்குத் தெரு கம்பியில் சுற்றிச் சுட்டு விற்கிற ட்ர்டெல்னிக் என்ற இனிப்பு ரொட்டிக்குப் 'பழைய பொஹீமிய' என்று போர்டு வைத்திருக்கிறார்கள், அது ஒன்றும் இந்த ஊரின் பழைய பண்டம் இல்லை, சுற்றுலாக் கூட்டத்தோடு வந்து பரவியது. எங்கள் வீட்டில் ஒரு வாய் தின்றுவிட்டு, "சீனியில புரட்டுன ரொட்டி, வேற என்ன" என்று என் கையில் தள்ளிவிட்டார்கள். இருட்டுக்கடை வாசலில் க்யூவில் நின்று பழகிய நாக்குக்கு ஏமாற்று வேலை நடக்காது. குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், பாட்டில் கொண்டு போங்கள். ஓட்டலில் தண்ணீர் கேட்டால் பீர் விலைக்கே வரும், அதைப் பார்த்துவிட்டு எங்கள் குழு ஆண்களில் சிலர் எடுத்த முடிவைப் பற்றி இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

பணத்தில் ஜாக்கிரதை. செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அவர்கள் பணம் கொருனா, யூரோ இல்லை. யூரோ வாங்கிக்கொள்கிற கடைகள் உண்டு, கணக்கு அவர்கள் இஷ்டம். 'கமிஷன் 0' என்று பெரிதாக எழுதிய மாற்றுக் கடைகளில் ரேட்டிலேயே கழுத்தை அறுத்துவிடுவார்கள், 2019இலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பப் போனால் மாற்றியதை ரத்து செய்துகொள்ளலாம் என்று சட்டமே இருக்கிறது. தெருவில் வந்து நல்ல ரேட் தருகிறேன் என்பவன் நீட்டுவது செல்லாத பழைய பல்கேரிய நோட்டாக இருக்கும். பேசாமல் கார்டு தேயுங்கள், இயந்திரம் 'ரூபாயிலா, கொருனாவிலா' என்று கேட்டால் கொருனா என்று அமுக்குங்கள்.

இனி ஒரு ஆதங்கம். தமிழ்க் குழுவைக் கூட்டிக்கொண்டு பிராகுக்குப் போகிறார்கள், கமில் சுவெலபில் என்ற பெயரை ஒருவரும் சொல்லவில்லை. 1927இல் அந்த ஊரில் பிறந்து, 1348இல் தொடங்கிய அந்தச் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, தமிழையும் திராவிட மொழிகளையும் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன மனிதர். 1968இல் சோவியத் டாங்குகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டே போய், பின்னால் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். இடையன்குடியில் உட்கார்ந்து கால்டுவெல் தொடங்கி வைத்த வேலையை வில்டவாக் கரையில் ஒருவர் தொடர்ந்திருக்கிறார். நம் ஜில்லாவிலிருந்து போகிறவர்களுக்கு இதைவிட என்ன உறவு வேண்டும்? பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் கரோலினம், சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரம்தான், எங்கள் குழு அதைத் தாண்டித்தான் கடைத்தெருவுக்குப் போனது.

வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகு என்பார்கள், சரிதான், ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், குளிர் நம் உடம்புக்குத் தாங்காது. தெரு முழுக்கக் கருங்கல் பாவியது, செருப்பு வேண்டாம், அடி கனமான ஷூதான்.

ஊருக்கு வந்த பிறகு ட்ராவல்ஸ்காரரே போன் போட்டு எப்படி இருந்தது என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன்: "தம்பி, ஒரு ஊரை வெட்டிட்டு பிராகுக்கு மூணு ராத்திரி குடுங்க, டிராம் டிக்கெட்ட கையில குடுத்து விடுங்க, சனிக்கிழமைய மாத்துங்க. இன்னும் கொஞ்சம் துட்டு கூடக் கேட்டாலும் தருவாங்க." அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நீங்க சொல்றது நெசந்தான் அண்ணாச்சி, ஆனா ஊரைக் குறைச்சா ஆளு வராது. நோட்டீஸ்ல எத்தன நாடுன்னுதான் மொதல்ல பாக்காங்க" என்றார். போன வாரம் புது நோட்டீஸ் வந்தது. அதே நாட்கள், கூடுதலாக ஸ்லோவாக்கியா சேர்ந்திருக்கிறது. பிராக் இன்னும் சனிக்கிழமைதான்.